பன்னிரண்டு குழிகளில் திருகோணமலை

கொழும்பிலிருந்து கூரியரில் வந்தது.
பதினோராயிரத்து எண்ணூறு ரூபாய்.
மூடியில் பொன்னெழுத்து: கிழக்குக் கரை.
திறந்தால் கண்ணிமைக்குப் பூசப் பன்னிரண்டு நிறம்,
குழிக்கொரு ஊர்ப்பெயர்.
என் ஊரை எனக்கே விற்கிறார்கள்.
நிறுத்துப் பார்க்காமல் வாங்குவேனா?

முதலில் பெட்டி.
காந்தம் நன்றாகவே கவ்வுகிறது.
கண்ணாடியில் ஒரு கண்தான் தெரியும்,
மற்றதற்குத் தலையைத் திருப்ப வேண்டும்.
உடம்பு வெறும் அட்டை;
டொக்யார்ட் வீதி உப்புக்காற்றில்
ஆடிக்குள் விளிம்பு ஊதிவிடும்.

பிறகு கை.
மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை
வரிவரியாய் இழுத்தேன்.

உப்புவெளி, வெள்ளை.
எவருடைய தோலில் வெள்ளை என்று
கலக்கியவரிடம் யாரும் கேட்கவில்லை.
என் கையில் அது
விபூதி பூசி வேர்த்து அழிந்த இடம்.
நிலாவெளி மினுங்குகிறது,
மினுங்கிக்கொண்டே கன்னத்தில் கொட்டுகிறது.
புறாத்தீவு நல்ல பவழம்,
மூன்று தரம் பூசப் பொறுமை இருந்தால்.
கன்னியா என்று ஒரு செம்மஞ்சள்:
பெயர் வைத்தவர் ஒருநாள் வந்து
அந்த ஏழு கிணற்றில் ஒன்றையாவது
தலையில் ஊற்றியிருந்தால்
இத்தனை ஆறிய நிறத்துக்கு அதைக் கொடுத்திருக்கமாட்டார்.

கிண்ணியாவும் இருந்தது. பச்சையுமில்லை, மண்ணுமில்லை.
ஷிபானா எட்டிப் பார்த்தாள். அவள் கிண்ணியாக்காரி.
"இது எங்கட ஊரில எந்த இடம்?"
பாலத்தடிச் சேறாக்கும் என்றேன்.
"சேறு இதைவிட வடிவு" என்றாள்.

கஜரூபிக்கு வேண்டியதோ நீலம்.
வைகாசியில் கலியாணம், பாலையூற்றில் மண்டபம்,
மத்தியானச் சாப்பாடு, மின்விசிறி மட்டும்.
படத்தில் பார்த்துவிட்டாள்:
கொட்டியாரம் என்ற அந்தக் கருநீலம்
அவளுக்கு இமையில் வேண்டும்.

ஆகவே என்னையே பலி கொடுத்தேன்.
வலது கண்ணுக்குக் கொட்டியாரம்.
இடது கண்ணுக்குப் புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய
எழுநூற்றைம்பது ரூபாய் நீலம்.
ஒன்பது மணிக்கு இறங்கினேன்.
வங்கியில் வரிசை,
மின்சாரக் கட்டணம்,
பேருந்து நிலையத்து மான் ஒன்று
என் பையை மோந்து பார்த்தது,
எந்தக் கண்ணையும் மதிக்கவில்லை.

பதினொன்றரைக்கு மீன் சந்தை.
பாரை அரிந்துகொண்டிருந்த சவிரிமுத்தண்ணை
கத்தியை நிறுத்தினார்.
"என்ன பிள்ளை, ஒரு கண்ணால மட்டும் அழுதனீங்களோ?"

எந்தக் கண் என்று கேட்டேன்.

"வலது."

கடைக்குத் திரும்பிக் கணக்குப் போட்டேன்.
பன்னிரண்டால் பிரித்தால்
ஒன்று தொள்ளாயிரத்து எண்பத்துமூன்று.
உதவுவது நாலு என்றால் மூவாயிரம் முட்டும்.
நாலா?
புறாத்தீவைப் பொறுமைக்காக விட்டேன்.
இன்னும் இரண்டை, ஏற்கெனவே இருப்பதால்.

மிஞ்சியது கீழ்மூலை.
மினுக்கம் இல்லை. படத்திலும் அது பாதி மறைந்திருந்தது,
இடம் நிரப்ப வைத்தது போல.
சீனக்குடா.
காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளின் துரு.
ஒரே இழுப்பில் இருந்தது.
தண்ணீர் தெளித்தேன், இருந்தது.
ஷிபானாவின் மாநிறத்தில், என் கருப்பில்,
மாலையில் வந்த கஜரூபியின் பொதுநிறத்தில்
மூன்று வேறு துருவாய், மூன்றும் சரியாய்.
கஜரூபி கண்ணாடியைப் பார்த்தாள்,
நீலத்தைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

அப்படியென்றால் இந்தப் பெட்டி
பதினோராயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு ஒரு நிறம்.
விலை அதிகம். நிறம் நல்லது.
இரண்டையும் சொல்லத்தான் வேண்டும்.

தலைமுடி நேராக்கும் இரும்பில் அடியைச் சூடாக்கி
கத்திநுனியால் சீனக்குடாவைக் கிளப்பி
என் பழைய தகரப் பெட்டியில் வைத்தேன்.
மீதி பதினொன்றையும் ஷிபானாவின் மகள் கேட்டாள்.
விரலைக் கொட்டியாரத்தில் தோய்த்து
கடையின் பின்சுவரில் நீளமாய் ஒரு கடல் இழுத்தாள்.

ஒரு கிழமை ஆயிற்று. அழியவில்லை.
வேர்க்காத சுவருக்கு
அருமையான சாமான்.