அரை டிரம்

கட்டடத்தைப் பழுதுபார்க்கிறார்கள்.
ஆன்டாப் ஹில்லில் என் நான்காம் மாடி ஜன்னலுக்கு வெளியே
மூங்கில் சாரம், பச்சை வலை.
வலைக்குள் குந்தி பீடி பிடித்தபடி ஒருவர்
என் வகுப்பைக் கேட்கிறார்.
திரையில் உள்ள நூற்றுப் பன்னிரண்டு பேர்
கேட்கிறார்களா, தெரியாது.
கறுப்புக் கட்டங்கள், கட்டத்துக்குள் பெயர்,
பெயருக்குப் பக்கத்தில் கோடு கிழித்த மைக்.

மூன்று நாள் பயிற்சியில் சொன்னார்கள்:
மாணவருக்குச் சாரம் கட்டு,
சுவர் எழ எழ ஒவ்வொரு கழியாய் உருவிவிடு.
மனசில் ஒரே சமயம் நாலைந்து சங்கதிக்குத்தான் இடம்,
நாற்பது ஸ்லைடை உள்ளே திணிக்காதே.
தெரிந்ததில் தொடங்கு.
சான்றிதழும் மதியச் சாப்பாடும் தந்தார்கள்.
சாரம் என்றால் எங்கள் மொழியில்
பிழிவு என்றும் பொருள் என்பதை
அங்கே நான் சொல்லவில்லை.

இன்று நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் பாடம்.
வார்டு இல்லை, கட்டில் இல்லை,
தட்ட ஒரு நெஞ்சும் இல்லை.
முதல் ஸ்லைடிலேயே நிறுத்தினேன்.
"வீட்டில் தண்ணீர் டிரம் இருக்கிறதா?"
இந்த ஊரில் இதைக் கேட்டிருக்கவே வேண்டாம்.

மூடியைத் திறக்காதே.
இடது நடுவிரலை அழுந்தப் பதி,
வலது நடுவிரலால் அதன்மேல் தட்டு,
முழங்கையிலிருந்து அல்ல, மணிக்கட்டிலிருந்து.
தொம், தொம் என்று மேலிருந்து இறங்கு.
தப் என்று எங்கே செத்துப்போகிறதோ
அங்கே சாக்பீஸால் கோடு போடு.
பிறகு திறந்து பார்.

கோவண்டியிலிருந்து நஸ்னீன்: நாலு விரல் பிழை, மேடம்.
ரோஷன் பாக்வே: சரியாக வந்தது,
ஆனால் தண்ணீர் பாதிகூட இல்லை என்று
அம்மா என்னைத் திட்டுகிறாள்.
மாநகராட்சிக் குழாயில் நாலேமுக்காலுக்குத்தான் வரும்.

அப்போது பிரணிதா சோன்டக்கே,
ஆறு மாதமாக வெறும் பெயராக இருந்தவள்,
கேமராவோடு திறந்துகொண்டாள்.
சட்டையில்லாத தம்பி, பதினாலு வயது,
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.
"மேடம், இவனுக்கு வலப்பக்கம் தண்ணீர் இருக்கிறது.
ஐந்தாம் விலாவுக்குக் கீழே தப் என்கிறது.
மூன்று தடவை தட்டிப் பார்த்துவிட்டேன்."
குரல் உடைந்திருந்தது.
தம்பியின் கண்கள் அவளைவிடப் பெரிதாய்.

சிரிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சிரித்துவிட்டேன்.
"சரியாகத்தான் கேட்டிருக்கிறாய்.
அது கல்லீரல். அவனை மூச்சு விடச் சொல்."

அவன் விட்டான்.
பிழை என்று ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது,
நான் அதைத் தொடவில்லை.
இத்தனை வருடம் படம் போட்டுக் காட்டியும்
யாருக்கும் இருப்பிடம் தெரியாத உறுப்பை
ஒருத்தி பயத்தால் கண்டுபிடித்திருக்கிறாள்.

பிறகு யாரும் சொல்லாமலே
ஒவ்வொரு மைக்காய்த் திறந்தது.
முலுண்டிலிருந்து, கல்வாவிலிருந்து, ஹாஸ்டல் அறையிலிருந்து
தொம், தொம், தப்.
தொம், தப்.
பிரஷர் குக்கர் விசில், யாரோ இருமல், தப்.

பச்சை வலைக்குள் அவர்
பீடியை மூங்கிலில் தேய்த்து அணைத்துவிட்டு
சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.
எந்தப் பக்கம், என்று கேட்டார் இந்தியில்.