ஜிப் பிய்ந்த வேதம்

போன ஞாயிறு பசுமலைக் கோயிலில்
காணிக்கைப் பை எங்கள் வரிசைக்கு வரும்போது
என் வேதத்தின் ஜிப் பிய்ந்தது.
உள்ளே இருந்ததெல்லாம் தரையில் கொட்டியது:
கரண்ட் பில்,
தாலிச் செயின் ஒன்றரைப் பவுனுக்கு அடகுச் சீட்டு,
ஜெயசிங்கின் ஸ்கேன் ரசீது,
செவ்வாய்தோறும் ஆயிரத்து நூற்றைம்பது என்று
கட்டம் போட்ட குழுக் கடன் அட்டை,
பெனிட்டா பள்ளியிலிருந்து வந்த
மூன்றாவது 'கடைசி நினைவூட்டல்'.
பக்கத்திலிருந்த கிரேனாப் டீச்சர் குனிந்து பொறுக்கினார்.
அடகுச் சீட்டை மட்டும் கவிழ்த்துக் கொடுத்தார்,
எழுத்து தெரியாதபடி.
அதற்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை.

எப்போது ஆரம்பித்தது?
முதலில் ஒரே ஒரு சீட்டு.
ஆண்டவர் பார்வையில் கிடக்கட்டுமே என்று
சங்கீதத்துக்கு நடுவில் வைத்தேன்.
விசுவாசம் என்றுதான் நினைத்தேன்.
அதற்குத் துணையாக இன்னொன்று.
பிறகு வேதம், பீரோவின் மேல்தட்டு மாதிரி ஆகிவிட்டது.
கடைசி வெற்றுத் தாளில் பென்சில் கணக்கு;
ஐயர் "எழுந்து நிற்போம்" என்னும்போது
நான் பக்கத்து எண்ணிடம்
கடன் வாங்கிக் கழித்துக்கொண்டிருப்பேன்.

முழங்கால் போட்டால்
"பிதாவே" வரைக்கும் ஒழுங்காக வரும்.
அடுத்த சொல் கேஸ் சிலிண்டர்.

மாடக்குளம் கண்மாய்ப் பக்கம் பஸ் போகையில் பார்ப்பேன்.
தண்ணீர் இருக்கிறது என்கிறார்கள்.
எனக்குத் தெரிவது சீமைக்கருவேலம்.
இந்தப் பக்கம் அதை யாரும் தண்ணீர் ஊற்றி வளர்க்கவில்லை,
ஆடு போட்டுவிட்டுப் போன விதை.

திங்கட்கிழமை, சாப்பாட்டு நேரத்தில்,
கீழமாசி வீதிப் பாத்திரக் கடையிலிருந்து
விளக்குத்தூண் பக்கம் பை தைக்கும் சிக்கந்தரிடம் போனேன்.
பத்தொன்பது வயதிருக்கும். ஒரு காதில் பாட்டு.
வேதம் என்று தெரிந்ததும் பாட்டைப் பிடுங்கிவிட்டு
இரண்டு கையாலும் வாங்கினான்.
"ரன்னர் மாத்திடலாம்க்கா.
ஆனா இம்புட்டுத் திணிச்சா
புது ஜிப்பும் ஒரு மாசந்தான்.
காலி பண்ணிக் குடுங்க."

நடைபாதையில் நின்று காலி பண்ணினேன்.
தாள் எடுக்க எடுக்கப் புத்தகம்
காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் மாதிரி இளைத்துப் போனது.
உண்மையைச் சொன்னால், பயமாக இருந்தது.
இத்தனை நாள் கையில் கனத்ததை
பக்தி என்று நம்பியிருந்தேன்.

முப்பது ரூபாய். சில்லறையாகக் கொடுத்தேன்.

தாள்களை பிஸ்கட் டப்பாவில் போட்டு
அரிசி வாளிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
எறிய முடியுமா? கட்டித்தானே ஆக வேண்டும்.
ஏழு மணிக்கு மாரிச்செல்வம் பைக்கில் வருவார்,
வீடுவீடாக ஹாரன் அடிப்பார்.
அப்போது டப்பாவைத் திறந்துகொள்ளலாம்.

செவ்வாய் காலை ஆறே முக்கால்.
ஜிப் ஒரே இழுப்பில் ஓடியது.
சங்கீதப் பக்கத்தில் குண்டூசித் துரு, இரண்டு புள்ளி,
அடகுச் சீட்டு குடியிருந்த இடம்.
புள்ளிகளுக்கு நடுவே ஒரு வரி,
மூன்று வருஷமாக என் கண் படாதது.
படிக்க ஆரம்பித்தேன்.
பாதி வரியில் மனசு எழுந்து டப்பாவுக்குப் போனது:
நூற்றைம்பது குறைகிறதே.
அதட்டவில்லை. கையைப் பிடித்து இழுக்கவில்லை.
போய் எண்ணிப் பார்த்துவிட்டு வரட்டும் என்றிருந்தேன்.
நூற்றைம்பது குறையத்தான் செய்தது.
வந்து உட்கார்ந்தது.
மறுபடி முதலிலிருந்து.

வாசலில் ஹாரன்.
மாரிச்செல்வத்துக்கு இன்றைக்கென்று பத்து நிமிஷம் முந்தி.
"வர்றேன்" என்று குரல் கொடுத்தேன்.
அந்த வரியை முடித்துவிட்டுத்தான்
எழுந்தேன்.