குழாயடிச் சட்டம்

தாராவியில் எங்கள் சந்துக்குத் தண்ணீர்
காலை ஐந்தரைக்கு வரும்,
எட்டு அடிப்பதற்குள் நின்றுவிடும்.
அதற்குள் ஒன்பது வீடு.
ஆள் வராவிட்டாலும் குடம் வரிசையில் நிற்கும்.
குடம் கூட இல்லாதவர் செங்கல் வைப்பார்.
செங்கல்லுக்கும் மரியாதை உண்டு.

குழாயடிச் சண்டை என்று ஊர் சிரிக்கும்.
சிரிக்கட்டும்.
அந்தச் சண்டையில் முளைத்ததுதான்
சுவரில் நீலப் பெயின்ட்டில் நிற்கும் ஆறு வரி:
வீட்டுக்குப் பத்துக் குடம்.
குழாயில் ட்யூப் மாட்டக் கூடாது.
இங்கே துணி துவைக்கக் கூடாது.
மீதி மூன்றும் மழையில் கரைந்துவிட்டன,
ஆனாலும் நடப்பில் இருக்கின்றன.

போன ஆடியில் வைஃபை வந்தது.
மீட்டர் பெட்டிக்கு மேலே ஆணியடித்து
மழைக்குப் பாலித்தீன் சுற்றினோம்.
மாதம் எண்ணூற்றைம்பது,
வீட்டுக்குத் தொண்ணூற்றைந்து, வசூல் நான்.
மிஞ்சிய ஐந்து ரூபாய்தான் அந்தப் பாலித்தீன்.

முதல் மாதம் கல்யாண வீடு மாதிரி இருந்தது.
கேட்டவருக்கெல்லாம் பாஸ்வேர்டு சொன்னோம்,
மோர் ஊற்றுவது போல.
டீக்கடை பையனுக்கு, அவன் மச்சானுக்கு,
கம்பீர் தைக்க வரும் பீகார்க்காரருக்கு.
கண்ணுக்குத் தெரியாத தண்ணீருக்கு
எவர் குடத்தை எண்ணுவது?

கார்த்திகைக்குள் சக்கரம் சுற்றத் தொடங்கியது.
ஜெபக்கனி மகன் பரீட்சை விண்ணப்பத்தில்
போட்டோ ஏறவில்லை.
பாதி முகத்தோடு நின்றுவிட்டது,
நெற்றி, புருவம், அதற்குக் கீழே சாம்பல் நிறம்.
கடைசி நாள் அது.
"மேட்ச் பாத்து பாத்து மொத்தத்தையும் உறிஞ்சுதான்"
என்று இசக்கிராஜைப் பிடித்துக்கொண்டாள்.
அவன் காம்ப்ளே வீட்டைக் கை காட்டினான்.
காம்ப்ளே மராத்தியில் திட்டியது
மொழிபெயர்க்காமலே எல்லோருக்கும் விளங்கியது.
நூர்ஜஹான் மட்டும்
"மூலையில நிக்கிற எங்க வீட்டுக்கு வாரதே கம்மி,
நான் ஏன் முழுசாத் தரணும்?" என்றாள்.
அதுவும் நியாயம்தான்.

இரவு காம்ப்ளேயின் தங்கை மகன் ஒரு பக்கத்தைத் திறந்து
யார் எவ்வளவு எடுத்தார் என்று பார்க்கும் வழி சொல்லிவிட்டு
ஷிப்டுக்குப் போனான்.
இருபத்து மூன்று போன்.
திருடனைப் பிடிக்கிற ஆசையில்
விரலால் கீழிருந்து மேலே தள்ளினேன்.
இசக்கிராஜ் ஐந்தாவது.
டீக்கடை மூன்றாவது.
முதலில் நின்றது
உச்சியில் விரிசல் விழுந்த என் போன்.

நைட்டி விற்கிறேன்.
ஒரு டிசைனுக்கு எட்டுப் படம், இரண்டு வீடியோ,
பதினான்கு குரூப்.
நான் படுத்த பிறகும்
அது படுக்காமல் இருந்திருக்கிறது:
போன வருஷத்து மெரூன், அதற்கு முந்தைய கிளிப்பச்சை,
மங்கலாக எடுத்து மறந்துபோன என் கட்டைவிரல்,
ஒவ்வொன்றாக
எங்கேயோ மேலே ஏற்றிக்கொண்டு.

பக்கத்தை மூடினேன்.
முதலில் செய்தது அதுதான், பொய் சொல்ல மாட்டேன்.

விடிந்ததும் வரிசையில் நிற்கையில்
நீல எழுத்தை இருபது வருஷத்தில் முதல்முறையாகப் படித்தேன்.
ட்யூப் மாட்டக் கூடாது.
யார் மாட்டினார்?
துணி துவைக்கக் கூடாது.
யாருடைய துணி அது?
பெயர் எங்கேயும் இல்லை.
எழுதியவரே மாட்டியிருக்கலாம்.
ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும்
ஒரு ஆள் முகம் கழுவிக்கொண்டு
குடத்தோடு வரிசைக்குத் திரும்பியிருக்கிறார்.

மாலை கரும்பச்சைப் பெயின்ட் வாங்கி வந்தேன்.
ஆறுக்குக் கீழே ஏழு:
ராத்திரி போன் தானாக எதையும் ஏற்றக் கூடாது.
எட்டு: படிக்கிற பிள்ளைக்கு ஏழிலிருந்து ஒன்பது.
ஒன்பது: பாஸ்வேர்டு மாதம் மாறும், சந்தைத் தாண்டாது.
மூலை வீட்டுக்கு அறுபது ரூபாய்.

"ஏழு யாருக்கு?" என்றாள் ஜெபக்கனி.
"பொதுவா" என்றேன்.
அவள் என்னைப் பார்த்தாள்,
தூரிகையைப் பார்த்தாள்,
பெயின்ட் டப்பாவை நகர்த்தி வைத்தாள்,
யார் காலும் பட்டுவிடாமல்.
பையன் முகம் அன்றைக்கே ஏறியிருந்தால்
நேராகக் கேட்டிருப்பேன், மன்னிப்பு.
ஏறவில்லை.
அடுத்த வருஷம்தான் இனி.

மூன்றாம் நாள் எட்டின் கீழே
பென்சிலில் ஒரு வரி:
உலகக் கோப்பைக்கு மட்டும் விதிவிளக்கு.
எழுத்துப் பிழையே இசக்கிராஜ் கையெழுத்து.
யாரோ அதை அடித்திருந்தார்கள்.
அடித்ததை
வேறு யாரோ ரப்பரால் அழித்திருந்தார்கள்.