திருகாணி

ரிவெட் அடித்தால் காற்று ஒழுகாது,
உடைந்த நாக்கைக் கழற்றவும் ஏலாது.
திருகாணி என்றால் கழற்றலாம்;
மயிரிழை சரிந்தாலும்
சுரம் வராமல் மூச்சு வரும்.

பாலையூற்று ரகேல், கலியாணத்துக்குக் கலியாணம்,
மவுத் ஓர்கனின் ஐந்தாம் துளையை
இழுத்து இழுத்தே கொல்லுகிறார்.
மற்ற ஒன்பதும் புதுசு.
ஒன்றுக்காக முழுவதையும் கடலில் எறிவதா?

திருமலை உப்புக்காற்றில்
எஃகு ஆணிக்கு ஆயுள் மூன்று மாதம்.
மூக்குக்கண்ணாடிக் கடையில்
பித்தளை ஆணி டசின் கேட்டேன்.
"உங்களுக்கு எத்தனை மூக்கு?" என்றார் றிஸ்மி.

நேற்றிரவு கடைசி ஆணி விழுந்தது.
தரையெல்லாம் காந்தம் பிடித்துத் தேடினேன்.
பித்தளை காந்தத்தில் ஒட்டாதென்பது
விடியத்தான் உறைத்தது.
என் கண்ணாடியில் ஒன்றைக் கழற்றிப் பூட்டினேன்.

ஐந்தாம் துளை பேசுகிறது.
சுருதி கொஞ்சம் கூட.
எங்கே அராவுவது?
ஒற்றைக் காதில் தொங்குகிறது கண்ணாடி.