கூரை நீர்

டோங்கா வரைபடத்தில் எங்கள் தீவு
அச்சுப் பிழை போல ஒரு புள்ளி.
ஆறில்லை. கிணறு உப்பு.
வானம் கொடுப்பதைத் தகரம் வாங்கித்
தொட்டியிடம் ஒப்படைக்கும்.
அகலமான கூரை ஆலயத்துக்கு மட்டுமே என்பதால்
தண்ணீருக்கும் இங்கே சபை உண்டு.

நாற்பத்தொரு வீடு, நான்கு ஆலயம்.
வெஸ்லியன் தொட்டியில் நீல எழுத்து,
சுயாதீன சபைக்குச் சிவப்பு,
கத்தோலிக்கருக்கு மஞ்சள் சிலுவை.
பெந்தெகொஸ்தேக்காரர் போன வருடம்தான் வந்தார்கள்,
அவர்கள் தொட்டியில் இன்னும் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு.

நான் இந்தத் தீவின் தாதி, மெலெனைத்தே.
என் பதிவேட்டில் பெயர், வயது, நோய்,
நான்காவது கட்டத்தில் சபை.
ஆள் பிழைக்காவிட்டால்
யாரை எழுப்புவதென்று தெரியவேண்டுமே.
இருபத்திரண்டு வருடமாகக்
காய்ச்சல் எத்தனை நாள் என்பதற்கு முன்
அதைத்தான் கேட்டிருக்கிறேன்.

எரிமலை வெடித்த அன்று
பகலிலேயே விளக்கேற்றினோம்.
விடிந்தால் சேம்புத் தோட்டம் சாம்பல், பன்றிகள் சாம்பல்,
தொட்டிக்குள் கஞ்சி போலச் சாம்பல்.
தொட்டிகளின் பெயரையும் சாம்பல் மூடியது
என்று எழுதினால் அழகாயிருக்கும்.
மூடவில்லை. எண்ணெய்ப் பெயின்ட்.
எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

தப்பியது ஒரே தொட்டி, கத்தோலிக்கருடையது.
அற்புதமெல்லாம் இல்லை. ஆறு மாதமாக
அவர்கள் குழாய் உடைந்து கிடந்தது.
பாதிரியார் மூன்று ஞாயிறு கெஞ்சியும்
ஒருவனும் ஏணி எடுக்கவில்லை.
அந்தச் சோம்பலைத்தான் குடித்தோம்,
வீட்டுக்கு அரை வாளி.
"மரியாளின் தண்ணீர் இனிக்கிறதே" என்றான்
வெஸ்லியன் உலாகாய், வரிசையில் நின்றபடி.
பின்னால் நின்ற கத்தோலிக்கக்காரி
அவன் வாளியை உதைக்கவில்லை.
தண்ணீர் அவ்வளவு அரிது.

நான்காம் நாள் மேகம் திரண்டது. ஞாயிறு.
ஞாயிறன்று வேலை இங்கே சட்டப்படி குற்றம்.
கூரைமேல் விரல் கனத்துக்குச் சாம்பல்,
மழை முந்திக்கொண்டால் மறுபடி சேறு.

கலோலைனேயைச் சொல்லவேண்டும்.
காணிக்கைக் கணக்கில் கிளம்பிய சண்டையில்
அவள் கணவனோடு சுயாதீன சபைக்குப் போனாள்,
தங்கை வெஸ்லியனிலேயே நின்றாள்.
பத்தொன்பது வருடம்.
இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சீமைப்பலா,
அதன் காயைக்கூட
விழுந்த பக்கம் பார்த்துத்தான் பொறுக்கினார்கள்.
அந்த ஆலயத்துக்குள் கால் வைப்பதில்லையென்று
வேதத்தில் கைவைத்துச் சொன்னவள்.

மணி அடிக்குமுன் ஓர் உரசல் சத்தம்.
இடுப்புப் பாயை அவிழ்த்து வேலியில் போட்டுவிட்டுத்
தென்னந்துடைப்பத்தோடு கலோலைனே
வெஸ்லியன் கூரையின் முகட்டில் இருந்தாள்.
போதகர் ஹேமாசி வாயைத் திறந்தார்.
"உள்ளே வரமாட்டேன் என்றுதான் சத்தியம்" என்றாள்.
"கூரை உள்ளே இல்லை. ஏணியைப் பிடியுங்கள்."

பிடித்தார்.

தங்கை வந்தாள். பேசவில்லை.
ஒரு துடைப்பம் தேய்ந்ததும்
இன்னொன்றை மேலே நீட்டினாள்.
அதற்குள் உலாகாய் கத்தோலிக்கக் கூரையில்
உடைந்த அந்தக் குழாயை மாட்டிக்கொண்டிருந்தான்.
யார் யார் எந்தக் கூரையில் என்று
நான் குறித்துக்கொள்ளவில்லை.
குறிப்பது என் தொழில், மறந்துபோயிற்று.

மழை வந்தது.
அன்றிரவு பதிவேட்டின் நான்காவது கட்டத்தில்
வீட்டுக்கு எத்தனை வாளி என்று எழுதினேன்.
வேறு இடமில்லை, அதனால்தான்.

சமரசம் ஒன்றும் ஆகிவிடவில்லை.
நான்கு மணியும் நான்கு நேரத்தில்தான் அடிக்கின்றன.
ஒரே பாட்டைப்
பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை கேட்கிறேன்.
சுயாதீன சபையின் மனாசே போதகர்
அந்தக் கட்டத்தைத் திருப்பிக் கேட்டார்.
யோசிக்கிறேன் என்றேன்.

தொட்டிக்குத் தொட்டி அன்று இழுத்துக் கட்டிய
ரப்பர் குழாயை மட்டும்
யாரும் இன்னும் கழற்றவில்லை.
பன்றிகள் மிதித்துக்கொண்டு போகின்றன.
இரவில் ஒரு தொட்டியில் நீர் இறங்கினால்
இன்னொன்றிலிருந்து அது கிளம்பி வரும் சத்தம்
என் படுக்கைவரை கேட்கும்.
எதிலிருந்து எதற்கு என்று
எழுந்துபோய்ப் பார்ப்பதில்லை.