யாருடைய லோடு

நியூவார்க். பனி. விடிகாலை மூன்றே முக்கால்.
வண்டி செகுந்தோவுடையது. கடனும் அவனுடையதே.
இழுக்கத்தான் பெட்டி இல்லை.

ஐந்து நாளாய்க் கம்பெனி கம்பெனியாய்ப் போன்.
"இன்ஷூரன்ஸ் தாளை அனுப்பு, கூப்பிடுகிறோம்."
கூப்பிடவில்லை.

இன்று ஒரு பெண்குரல்:
"நாற்பதடிப் பெட்டி. ஆறு மணிக்குள் துறைமுக வாசலில் நிற்பாயா?"
யாருடைய லோடு என்று கேட்கவில்லை,
டீசலுக்குத் தனியாகத் தருவீர்களா என்றுகூட.

பாலத்து இறக்கத்தில்
சிவப்பு முக்கோணங்களை நட்டுவைத்து
வெடித்த டயரருகே குந்தியிருந்தான் யோனெல்,
அணைந்த போனை ஜாக்கெட்டுக்குள் சூடேற்றியபடி.

செகுந்தோ வேகம் குறைத்தான்.
யோனெல் கையை ஆட்டினான்:
போ, போ,
நேரம் தவறினால் உள்ளே விடமாட்டான்.

பெட்டியோடு வெளிவாசலில்
சீல் நம்பரைக் கேட்டார்கள்.
இரண்டு தடவை தப்பாகச் சொன்னான்.