பக்கம் நாற்பத்தொன்று

பிளேக் வந்து பாதி ஊர் போயிற்றாம்.
மிச்சமிருந்த எல்லோருக்கும்
முப்பத்திரண்டு பல், பால் வெள்ளை.

கெண்ட் நகரத்து மாடியறை ஒன்றில்
பகலெல்லாம் பொய்ப்பல் செய்கிறவள் நான்.
என் காதிலா பூச்சுற்றுகிறார்கள்?
குதிரையிலிருந்து விழுந்த தளபதி
சாவதற்கு முன் சிரித்தான்.
வீர்லெ மூக்கைச் சிந்தினாள்.
மேல் வரிசை பீங்கான் என்றேன்,
ஒன்று எழுநூறு யூரோ.
தலையணை பறந்து வந்தது.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி சீரியல்.
ஏழாவது சீசனிலும் அந்த டாக்டர்
மழையில் நின்றுதான் மன்னிப்புக் கேட்கிறார்.
பெல்ஜியத்தில் பிறந்தவளுக்கு மழை தெரியாதா?
இது குழாய் மழை.
அவர் மேல் மட்டும் கொட்டுகிறது,
பின்னால் சைக்கிளில் போகிறவன் காய்ந்தே போகிறான்.
சரி சரி, அடுத்த எபிசோடைப் போடு.

காமிக்ஸ் விஷயத்தில் மட்டும்
என்னிடம் விளையாட்டு வேண்டாம்.
கலங்கரை விளக்கக் காவலனின் கதை,
முப்பத்தாறு ஆல்பமும் அலமாரியில்.
வரைந்தவர் இறந்துவிட்டார்.
புது ஆள் நன்றாகத்தான் வரைகிறார்,
கடலைக்கூட.
ஆனால் நாயின் இடது காதில் கிழிசல் எங்கே?
ஐந்தாம் ஆல்பத்தில், நண்டுச் சண்டையில் கிழிந்த காது.
அப்போது எனக்கு ஒன்பது வயது,
நான் அங்கேதான் இருந்தேன்.
பதிப்பகத்துக்குக் கடிதம் போட்டேன்.
பதிலுக்கு ஒரு சாவிக்கொத்து வந்தது.
அதே நாய். இரண்டு காதும் முழுசு.
மறுநாள் வேலைக்கு நடுவே
மெல்லிய அரத்தை எடுத்து
ஒன்றைச் சரிசெய்தேன்.

அப்புறம் இந்தக் கொலை நாவல்.
ஆற்றங்கரை நூலகத்தில் எடுத்தது.
பக்கம் நாற்பத்தொன்றின் ஓரத்தில் பென்சில்:
‘நோட்டரிதான் கொலைகாரன்.’
யார் பெற்ற பாவியோ!
டிராமில் வாய்விட்டே திட்டினேன்,
இறங்க வேண்டிய இடம் போய்விட்டது.

மிச்சம் இருநூற்றைம்பது பக்கமும்
நோட்டரி கையுறை கழற்றினால், அதோ!
பேரிக்காய் நறுக்கினால்,
கத்தி பிடிக்கிற லட்சணத்தைப் பார்.
செத்தவளின் பூனைக்குப் பால் வைத்தான்.
வீர்லெ, நடிப்பைக் கவனித்தாயா, என்றேன்.
வீர்லெ வரிப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

கொன்றது தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள்.
நோட்டரிக்குப் பூனை பிடிக்கும்,
அவ்வளவுதான்.

புத்தகத்தை மூடினேன். திறந்தேன்.
கோபம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்,
சிரிப்புத்தான் வந்தது.
நோட்டரி, மன்னித்துக்கொள்,
மழையெல்லாம் வேண்டாம், இப்படியே கேட்கிறேன்.

அழிரப்பர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.
பென்சிலைச் சீவிக்கொண்டு
நாற்பத்தொன்றுக்குத் திரும்பிப் போய்,
அந்த வரிக்குக் கீழே
கையெழுத்தைக் கொஞ்சம் சாய்த்து எழுதினேன்:

‘ஆமாம். பூனையைக் கவனியுங்கள்.’